சாமில் ஹெட்டுக்கு வைப்பர் மோட்டார்

நம்ம போர்ட்டபிள் பேண்ட் சா மில்லுல (மரம் அறுக்குற மெஷின்) பிளேடு இருக்கிற ஹெட்டை இதுவரை கைப்பிடியைச் சுத்தித்தான் ஏத்தி இறக்கினோம், அதுக்கு இப்போ கார் கண்ணாடி துடைக்கிற வைப்பரோட மோட்டார் போட்டாச்சு. கை வலி போச்சான்னு எல்லாரும் கேக்குறாங்க, அது போச்சுதான், ஆனா எனக்கு அதவிட பெரிய சந்தோஷம் பலகை எல்லாம் ஒரே கனத்துல வர்றது. 1 இன்ச் பலகை வேணும்னா ஹெட்டை 25.4 மில்லிமீட்டர் இறக்கினா பத்தாது, பிளேடு தின்னுற 2 மில்லிமீட்டரும் சேத்து 27.4 இறக்கணும். சாயங்காலம் கை அசந்துபோன நேரத்துல கைப்பிடி கொஞ்சம் கூடக்குறைய நின்னுடும், அந்த வித்தியாசத்தை ஆசாரி இழைச்சே சரிபண்ணணும், நல்ல பலா வைரம் அப்படி சுருள் சுருளா போறதைப் பாத்தா வயிறு எரியும்.

எங்க மில்லுல ரெண்டு பக்கமும் திருகுக் கம்பி, நடுவுல செயின். திருகு ஒரு சுத்து சுத்தினா ஹெட்டு 5 மில்லிமீட்டர் நகரும். வைப்பர் மோட்டார் ஸ்லோவுல நிமிஷத்துக்கு சுமார் 45 சுத்து, அப்போ ஒரு பலகைக்கு ஏழு செகண்டுல இறங்கிடும், ஸ்கேலைப் பாத்து நிறுத்த அந்த வேகம்தான் சரி. மேல ஏத்துறப்போ ஃபாஸ்ட்ல போட்டாலும் 400 மில்லிமீட்டருக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். பரவாயில்ல, அந்த நேரத்துல அடுத்த கட்டையை உருட்டிப் போட்டுக்கலாம். கரண்ட் நின்னாலும் திருகு பிடிச்சுக்கும், ஹெட்டு கீழ வராது.

இதைச் செய்யப்போறவங்க ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்க. நிறைய வைப்பர் மோட்டார்ல பாடியே நெகட்டிவ். திசை மாத்த வயரை மாத்திக் கொடுத்தா பாடி பாசிட்டிவ் ஆயிடும், மில் ஃப்ரேம் ஏற்கனவே பேட்டரி நெகட்டிவோட இருந்தா நேரா ஷார்ட்டுதான். மல்டிமீட்டர் வச்சு பாடிக்கும் வயருக்கும் கன்டினியூட்டி (கரண்ட் பாயுற தொடர்பு) இருக்கான்னு பாத்துடுங்க. இருந்தா மோட்டாரை நைலான் பலகை மேல நைலான் புஷ் போட்டு மாட்டணும். அது மட்டும் பத்தாது, ஷாஃப்ட் வழியாவும் கரண்ட் போகும், அதனால செயினுக்குப் போற இடத்துல ரெண்டு ஷாஃப்டை இணைக்கிற, நடுவுல ரப்பர் வச்ச ஸ்டார் கப்ளிங் போடணும். பேட்டரி பக்கத்துலயே ஒரு ஃபியூஸ், மேலயும் கீழயும் ஹெட்டு கடைசிக்கு வந்ததும் தானா நிறுத்துற லிமிட் சுவிட்ச், ஒவ்வொரு சுவிட்சுக்கும் குறுக்க ஒரு டயோடு (கரண்டை ஒரு திசையில மட்டும் விடுறது). டயோடு இல்லன்னா கடைசிக்குப் போய் நின்ன ஹெட்டு திரும்பி வராது.

மோட்டார் மாட்டுறதுக்கு முன்னாடி தூண்ல ஓடுற ஸ்லீவைக் கழட்டி, ஒட்டியிருக்கிற பிசினையும் மரத்தூளையும் டீசல் விட்டு துடைச்சிடுங்க, ஆட்டம் இருந்தா லேத்துல கொடுத்து புஷ் போடுங்க. ஸ்லீவு பிடிச்சுக்கிட்டா எவ்வளவு நல்ல மோட்டாரும் ஹெட்டை கோணலாத்தான் இறக்கும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தா செயினைக் கழட்டி பல்லு தள்ளி மாட்டுங்க, 20 பல் ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல்லுக்கு கால் மில்லிமீட்டர். நிறுத்துறப்போ எப்பவும் மேலேருந்து கீழ வந்தே ஸ்கேல்ல நிறுத்துங்க, தாண்டிட்டா கொஞ்சம் மேல ஏத்தி மறுபடி இறக்குங்க.

டிஜிட்டல் ரீடவுட் போடலாம்ல்லன்னு தம்பி கேக்குறான். எனக்கு அவசியம் தெரியல, ஹெட்டுல ஒட்டின ஸ்டீல் ஸ்கேலும் கூரான முள்ளும் போதும். பழைய கைப்பிடியைத் தூக்கிப் போடல, கப்ளிங்கை விடுவிச்சுட்டு திருகு முனையில மாட்டினா பேட்டரி இறங்கின அன்னைக்கும் வேலை ஓடும்.