ஒரு முட்டை, நான்கு படங்கள்

"நான்கு நாளும் ஒரே முட்டை மாதிரி இருக்கிறதே?"

வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதிய வரி இது. கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தேன். 2022 ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, இரவு ஒன்பதே கால் மணி. அதற்குப் பிறகு இந்த வரியை மனத்துக்குள் எத்தனையோ விதமாகத் திருத்திப் பார்த்துவிட்டேன். பொம்மை இல்லாமல் ஒரு தடவை. "இருக்கிறதே" என்பதை "இருக்கிறதோ" என்று மாற்றி ஒரு தடவை. எப்படித் திருத்தினாலும் அது கேள்வியாக மாட்டேன் என்கிறது. கையும் களவுமாகப் பிடித்தவன் பேசுகிற குரல்தான் அதில் இருக்கிறது.

தட்டுப் படம் கேட்டது நாங்கள்தான். அதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்ல வேண்டும். நன்னிலத்துக்கும் குடவாசலுக்கும் இடையிலுள்ள சில ஊர்களில், ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு, பிள்ளைக்கு என்ன, எப்படி ஊட்டுவது என்று சொல்லித்தரும் இணைய வகுப்பு அது. முதலில் காலை பதினொரு மணிக்கு வைத்தோம். ஒருவர்கூட வரவில்லை. அந்த ஆண்டு மேட்டூர் அணையை மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். எல்லாச் சாகுபடிப் பட்டமும் முன்னே நகர்ந்து, நடவுக்கும் களைக்கும் ஆள் கிடைக்கவில்லை என்று ஊரே தேடிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு எந்தத் தாய் வரப்பில் நின்று கூகுள் மீட் பார்ப்பாள்? புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு மாற்றினோம். வந்தார்கள். பாதிப் பேருக்கு வகுப்பின் நடுவே டேட்டா தீர்ந்துவிடும். அதனால் முக்கியமானவற்றைக் குரல் பதிவாகக் குழுவில் போடுவேன்.

சொல்லிக்கொடுத்தவை தவறானவை என்று இன்றும் நான் நினைக்கவில்லை. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத அளவுக்குக் கஞ்சி கெட்டியாக இருக்க வேண்டும். பிள்ளையின் சோற்றில் ஒரு சிறு கரண்டி எண்ணெய், ரேஷன் பாமாயிலாக இருந்தாலும் சரி. தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுக்காதீர்கள், தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எட்டு உணவு வகைகளில் ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்து வகை பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டும், தாய்ப்பாலையும் அதில் ஒன்றாக எண்ணிக்கொள்ளலாம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய மண்ணில் உட்கார்ந்துகொண்டு இந்த எண்ணைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

சொன்னதைச் செய்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முறையாகச் செய்வதென்றால் ஒவ்வொரு வீட்டையும் அழைத்து, நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை பிள்ளைக்கு என்னென்ன கொடுத்தீர்கள் என்று ஒன்றொன்றாகக் கேட்க வேண்டும். ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும். எங்களிடம் ஆள் இல்லை. தினமும் ஒரு வேளைத் தட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். சனிக்கிழமை 'இந்த வாரத் தட்டு' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குழுவில் பாராட்டுவோம். இந்த யோசனை என்னுடையது. அப்போது எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

முட்டையைப் பற்றி நான் கேட்டேனே, அந்தப் போன் எண்ணிலிருந்து படங்கள் தவறாமல் வந்தன. சேர்ந்த அன்று பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயரும், பதினான்கு மாதப் பெண்குழந்தை என்ற குறிப்பும் இருந்தன. வாட்ஸ்அப்பில் அந்த எண்ணின் பெயர் 'அய்யனார் துணை'. முகப்பில் ஒரு பல்சர் வண்டி. புதன்கிழமை வகுப்புக்கு எட்டு மணிக்கு முன்பே வந்துவிடுவார். மைக்கை மூடி, கேமராவையும் மூடி, கடைசிவரை இருப்பார். "அமைதியாகக் கேட்கிற அம்மா ஒருவர் இருக்கிறார், அவரைப் பாருங்கள்" என்று மற்றவர்களிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

முந்தைய வாரம் 'இந்த வாரத் தட்டு' அவருக்குத்தான். மசித்த சோறு, பாசிப்பருப்பு, முருங்கைக்கீரை, பாதியாக வெட்டிய முட்டை. மறுநாளே இன்னொரு தாய் எனக்குத் தனியாகக் குரல் பதிவு அனுப்பினார்: "மேடம், அவர்கள் வீட்டில் மட்டும் எப்படி தினமும் முட்டை? எங்கள் வீட்டில் ஆறு ரூபாயை ஆறு தடவை எண்ணுகிறோம்." நான் பதில் போடவில்லை. ஆனால் அந்தக் குரல் என்னுள் உட்கார்ந்துவிட்டது. வியாழக்கிழமை இரவு நான் படங்களை உற்றுப் பார்த்ததற்கு அதுதான் காரணம் என்று பல நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். எல்லாருக்கும் நியாயமாக இருக்க வேண்டும் இல்லையா?

திங்கள்: சோறு, பருப்பு, கீரை, முட்டை. செவ்வாய்: சோறு, பரங்கிக்காய், முட்டை. புதன்: தோசை, முட்டை. வியாழன்: சோறு, வாழைப்பழம், முட்டை. முழு முட்டை, உரித்தது. உரிக்கும்போது ஓட்டோடு கொஞ்சம் வெள்ளையும் பிய்ந்து வந்திருக்கிறது. பிறை மாதிரி ஒரு பள்ளம். நான்கு நாளும் அதே பிறை. தரையில் சாய்ந்து விழுந்திருந்த வெயிலும் நான்கு நாளும் ஏறக்குறைய அதே இடத்தில்.

கண்டுபிடித்தவுடன் எனக்கு வந்தது வருத்தமல்ல, ஒரு துள்ளல். விடுகதைக்கு விடை தெரிந்தவன் துள்ளுவானே, அது. இதை எழுதாமல் விட்டால் மீதி எல்லாவற்றையும் எழுதி என்ன பயன்? தனியாகக் கேட்டிருக்கலாம். தனிச் செய்தியாக எழுத ஆரம்பித்தேன், அழித்தேன். பிறகு குழுவிலேயே போட்டேன். பாராட்டியது குழுவில் என்றால் கேட்பதும் குழுவில்தானே என்று அந்த நொடியில் ஒரு தர்க்கம் தோன்றியது. இப்போது பார்த்தால் அது தர்க்கமே இல்லை. ஆனால் அப்போது மிக ஒழுங்கான தர்க்கமாக இருந்தது.

சில நிமிடங்களில் பதில் வந்தது. "மன்னிக்கவும் மேடம்." அடுத்த வரி, அந்த எண் குழுவிலிருந்து வெளியேறியதாக வாட்ஸ்அப் தானே போடும் சாம்பல்நிற அறிவிப்பு. குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. எனக்குக் குரல் பதிவு அனுப்பிய தாயும் எழுதவில்லை. மறுநாள் வந்த தட்டுப் படங்கள் வழக்கத்தில் பாதி. அதற்கடுத்த வாரம் அதிலும் பாதி. நான் கேட்டது ஒருவரை, கேட்டுக்கொண்டவர்கள் எல்லாரும்.

அலுவலகத்தில் மேலே இருந்தவரிடம் சொன்னேன். "படம் வந்ததா, வரவில்லையா?" என்றார். வந்தது என்றேன். "பிறகென்ன?" என்று சிரித்தார். அவரைக் குறை சொல்லி எழுதலாம் என்றுதான் இந்தப் பத்தியைத் தொடங்கினேன். ஆனால் அந்த மாத அறிக்கையில் அந்த வீட்டின் நான்கு நாள் படங்களையும் 'ஐந்து வகை உணவு' கணக்கில் சேர்த்தது என் கைதான். தோசையும் முட்டையும் மட்டும் இருந்த புதன்கிழமையைக்கூட, தாய்ப்பாலோடு சேர்த்து எப்படியோ ஐந்தாக்கியிருந்தேன். எப்படி என்று இப்போது விளங்கவில்லை.

பதினோராம் நாள், திங்கட்கிழமை, அந்த எண்ணை அழைத்தேன். ஏன் அத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால், மழை, வேறு கூட்டங்கள் என்று ஏதாவது சொல்வேன். ஓர் ஆண் எடுத்தார். பின்னால் கலவை இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. திருச்சியில் கட்டட வேலையாம். சென்ட்ரிங். வாரம் முழுவதும் அங்கேயே தங்கி, சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் ஊருக்கு வந்து, திங்கட்கிழமை விடிவதற்குள் திரும்பிவிடுவாராம். வீட்டில் இருப்பது ஒரே போன். அது அவரோடு போகும்.

"பொய் சொல்ல வேண்டும் என்று செய்யவில்லை மேடம். நீங்கள் தினமும் படம் கேட்டீர்கள். போன் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருக்கும். அன்றைக்கே நான்கைந்து விதமாக வைத்து எடுத்துக்கொண்டு, இங்கே வந்து ஒவ்வொன்றாக அனுப்பினேன்."

அப்படியானால் வகுப்பைக் கேட்டது?

"நான்தான் மேடம். இங்கே கொட்டகையில் உட்கார்ந்து கேட்பேன். பசங்கள் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போய், நீங்கள் பேசியதைப் போட்டுக் காட்டுவேன்."

பிள்ளைக்கு மற்ற நாளில் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அதைக் கேட்டேன். "கீரை, பருப்பெல்லாம் உண்டு மேடம். வரப்பில் கிடைப்பதைப் பறித்துவந்துவிடுவாள். அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவும் பிசைந்து கொடுப்பாள். முட்டை மட்டும்தான் கூலி வந்தால் உண்டு. பாப்பா அதைச் சாப்பிட்டுவிட்டாள் மேடம், முழுவதும்." கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு தடவை சொன்னார். முட்டை வீணாகிவிட்டது என்று நான் நினைத்துவிடுவேனோ என்று பயந்திருக்கிறார் போலும்.

குழுவில் தாய்மார் என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தவர்களில், வேலை முடிந்து வந்து கொட்டகையில் உட்கார்ந்து, கேலியைத் தாங்கிக்கொண்டு, குழந்தையின் கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரே தகப்பன் அவர். எனக்குத் தெரிந்தவரை ஒரே தகப்பன். ஆண்களையும் இதில் இழுக்க வேண்டும் என்று பயிற்சிக்குப் பயிற்சி பேசுகிறோம். வந்தவரை ஒரு சிரிப்புப் பொம்மையோடு அனுப்பிவைத்தேன்.

ஆனால் நான் கேட்காமல் விட்டிருந்தால்? அந்தக் கேள்வியும் போகவில்லை. தினமும் முட்டை வைக்கிற ஒரு வீட்டைப் பார்த்து மற்ற வீடுகள் கூசிப்போயிருக்கும். அந்தக் கூச்சத்துக்கு நானே துணைபோயிருப்பேன். ஏமாற்று இல்லை என்று சொல்லிவிடவும் முடியவில்லை. வாரம் ஒரு முட்டையை நான்காகக் காட்டியது ஏமாற்றுதான். ஆனால் தினமும் வரப்புக் கீரை உண்டு என்றும், அதைப் படம் எடுக்கப் போன் இல்லை என்றும் அவர் சொன்னது உண்மையானால், படங்கள் பொய், தட்டு மெய் என்றல்லவா ஆகிறது? அதுவும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வரப்பில் இப்போது களைக்கொல்லி அடிக்காத இடம் எவ்வளவு மிச்சம் என்றும் எனக்குத் தெரியும்.

அவர் மனைவியிடம் பேச வேண்டும் என்று சொன்னேன். "வீட்டில் பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள் மேடம்" என்றார். சரி என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மயிலாடுதுறையில் உறவுக்காரத் திருமணம். அடுத்த ஞாயிறு நல்ல மழை. அதற்கடுத்த ஞாயிறு எந்தக் காரணமும் இல்லை. விடுமுறை நாளில் எதற்கு அலுவலக வேலை என்று இருந்துவிட்டேன். வாரத்தில் அந்த வீட்டுக்குப் போன் வரும் ஒரே நாளும் எனக்கு விடுமுறையாக வாய்க்கிற நாளும் ஒன்றாகப் போய்விட்டன. அந்தப் பெண்ணின் குரலை நான் கடைசிவரை கேட்கவில்லை. பதிவேட்டில் இருந்த பெயர் மட்டும்தான்.

அதன் பிறகு தட்டுப் படம் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். அழைத்துக் கேட்பது என்று மாற்றினேன். அதிலும் மூன்றே வாரத்தில் எல்லாரும் கீரை என்று சொல்லப் பழகிவிட்டார்கள். கண்ணால் பார்க்காத கீரையை எண்ணி எழுதுவதைவிடப் படத்தில் பார்த்த முட்டையை எண்ணுவது மேல் என்று சில நாள் தோன்றும். போன மாதம் தொடங்கிய புதிய குழுவில் வாரம் ஒரு படம் போதும் என்று கேட்டிருக்கிறேன். வாரம் ஒன்று என்றால் பரவாயில்லை என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் போதும் என்று நானே சொல்லிவிட்டேன்.

அந்த நான்கு படங்களும் என் போனில் இன்னும் இருக்கின்றன. பிறையைக் கண்டுபிடிக்கப் பெரிதாக்கிப் பார்த்தபோது முட்டையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நான்காவது படத்தில், வாழைப்பழம் வைத்திருக்கும் தட்டின் ஓரத்தில், ஒரு சின்னக் கை முட்டைப் பக்கம் நீண்டிருக்கிறது. கண்ணாடி வளையல் போட்ட இன்னொரு கை, படம் எடுத்து முடியும்வரை, அதை மணிக்கட்டில் மெதுவாகப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.