ஒரே சப்ளையரிடம் டைல்யூஷன் ஃபிரிட்ஜ் வாங்கிய அனுபவம்

எங்கள் ஆய்வகத்துக்கு இரண்டாவது டைல்யூஷன் ஃபிரிட்ஜ் வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்த நோட் மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டது. சாம்பிளை முழுச்சுழி வெப்பநிலைக்குச் சில மில்லிகெல்வின் (ஒரு கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அருகே வரை குளிர்விக்கிற இயந்திரம் இது. "இந்த வசதியோடு இவர்கள் மட்டும்தான் தயாரிக்கிறார்கள், ஆகவே டெண்டர் தேவையில்லை" என்று அரைப் பக்கத்தில் முடித்திருந்தேன். ஓரத்தில் நிதி அதிகாரி பென்சிலால் ஒரே வரி எழுதியிருந்தார்: "வேறு யாரிடமெல்லாம் கேட்டீர்கள்?"

யாரிடமும் கேட்கவில்லை. நேரில் போய் உட்கார்ந்தேன். அவர் இயற்பியல் படித்தவர் இல்லை. ஆனால் கொட்டேஷனை வரி வரியாகப் படித்திருந்தார்.

"பத்து மில்லிகெல்வினுக்குக் கீழ போகணும்னு போட்டிருக்கீங்க. உங்க வேலை எந்த வெப்பநிலையில நடக்குது?"

"பெரும்பாலும் முப்பது, நாற்பதுல மேடம்."

"அப்புறம் எதுக்குப் பத்து?"

அந்தப் பத்து சப்ளையரின் விளம்பரத் தாளில் இருந்த எண். எங்கள் தேவையிலிருந்து வந்தது இல்லை. அன்று இரவு உட்கார்ந்து உண்மையிலேயே எங்களுக்கு என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

இந்த இயந்திரத்தில் ஹீலியத்தின் இரண்டு ஐசோடோப்புகளான ஹீலியம்-3, ஹீலியம்-4 இரண்டும் கலந்து சுற்றுகின்றன. சுமார் 0.87 கெல்வினுக்குக் கீழே கலவை இரண்டு அடுக்காகப் பிரிகிறது. மேலே ஹீலியம்-3 செறிந்த அடுக்கு, கீழே நீர்த்த அடுக்கு. வெப்பநிலை முழுச்சுழியை நெருங்கினாலும் நீர்த்த அடுக்கில் 6 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக ஹீலியம்-3 கரைந்தே இருக்கும். மேலடுக்கிலிருந்து அணுக்கள் கீழே இறங்கும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றன, அதுதான் குளிர்ச்சி. இப்படி உறிஞ்சும் திறன் வெப்பநிலையின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 100 மில்லிகெல்வினில் 400 மைக்ரோவாட் எடுக்கிற இயந்திரம், 20 மில்லிகெல்வினில் அதிகபட்சம் 16 மைக்ரோவாட்தான் எடுக்கும்.

எங்கள் சாம்பிளுக்குப் போகிற ஒவ்வொரு கம்பியும், ஒவ்வொரு கோஆக்சியல் கேபிளும் மேலேயிருந்து வெப்பத்தை இறக்குகிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் இணைக்காத வெறும் இயந்திரம் எவ்வளவு ஆழம் போகும் என்பதால் எங்களுக்குப் பெரிய பயன் இல்லை. 100 மில்லிகெல்வினில் எத்தனை மைக்ரோவாட் என்பதுதான் முக்கியம். அந்த எண்ணை வைத்துப் பார்த்தால், "ஒரே சப்ளையர்" என்ற என் வாதம் நிற்கவில்லை. அதைத் தரக்கூடியவர்கள் நான்கு பேர் இருந்தார்கள்.

அப்படியானால் நான் ஏன் அந்த ஒருவரையே பிடித்துக்கொண்டிருந்தேன்? எங்கள் பழைய இயந்திரம் அவர்களுடையது. அதில் சாம்பிளை ஒரு சிறு தாங்கியில் பொருத்தி, முழு இயந்திரத்தையும் சூடாக்காமலேயே அடிவழியாக ஏற்றி இறக்கலாம். மாணவர்கள் பல வருடங்களாக வயரிங் செய்து, அளந்து சரிபார்த்து வைத்த தாங்கிகள் அலமாரி நிறைய இருக்கின்றன. பழையதில் பாதி அளந்த சாம்பிளைக் கம்பி பிரிக்காமல் புதியதில் ஏற்ற முடிய வேண்டும். மறுபடி கம்பி ஒட்டினால் சாம்பிள் போய்விடலாம். எங்கள் உண்மையான காரணம் இதுதான், முதல் நோட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

புதிய ஸ்பெசிஃபிகேஷனில் சப்ளையர் பெயரே வரவில்லை. தாங்கியின் அளவு வரைபடம், கம்பிகளின் எண்ணிக்கை, குளிர்ச்சித் திறன், ஏற்றி இறக்க ஆகும் நேரம் மட்டும் எழுதி நால்வருக்கும் அனுப்பினேன். ஒருவர் முடியாது என்றார். இருவர், புதிதாக வடிவமைத்துத் தருகிறோம், ஆனால் வேலை செய்யும் என்று உத்தரவாதம் தர இயலாது என்று எழுதினார்கள். அந்த மூன்று கடிதங்களையும் நோட்டோடு இணைத்தேன். கொள்முதல் குழு ஒரே கூட்டத்தில் ஒப்புக்கொண்டது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: "இவர்தான் சிறந்தவர்" என்று நீங்கள் எழுதவே வேண்டாம். தேவையை அளந்து எழுதுங்கள். முடியாதவர்கள் முடியாது என்று அவர்களே எழுதித் தருவார்கள்.

பேரம் தனிக்கதை. வேறு வழியில்லை என்று சப்ளையருக்குத் தெரிந்துவிட்டால் விலையில் நம் பிடி போய்விடும். அதனால் குழு முடிவைச் சொல்வதற்கு முன்பே நிபந்தனைகளை எழுத்தில் வாங்கச் சொன்னார் நிதி அதிகாரி. இதே மாடலை வேறு பல்கலைக்கழகங்களுக்கு விற்ற பழைய இன்வாய்ஸ்களையும் கேட்டோம்; வாங்கியவர் பெயரை மறைத்துக் கொடுத்தார்கள். அதைக் காட்டித்தான் விலை நியாயமானது என்று நிறுவ முடிந்தது.

கொட்டேஷனில் ஹீலியம்-3 சேர்ந்திருக்கிறதா, எத்தனை லிட்டர் என்று கட்டாயம் பாருங்கள். எங்களுடையதில் முதலில் "கலவை தனி" என்று சிறு எழுத்தில் இருந்தது. இந்த வாயு, ஹைட்ரஜனின் கதிரியக்க வகையான டிரிட்டியம் சிதைவதால் கிடைப்பது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு என்பதால் வேண்டும்போது உற்பத்தியைக் கூட்ட முடியாது. விலையும் மிக அதிகம். ஏற்றுமதி உரிமம், இறுதிப் பயனாளர் உறுதிமொழி என்று தாள்கள் வேறு. இவற்றுக்கே எங்களுக்கு மாதங்கள் போயின.

குளிர்ந்த நீர், மூன்று ஃபேஸ் மின்சாரம், கூரை உயரம் எல்லாவற்றையும் காத்திருந்த நாட்களில் முடித்துவிட்டோம். வாரண்டி, பெட்டி கப்பலேறிய நாளிலிருந்து இல்லாமல் எங்கள் ஆய்வகத்தில் சோதனை தேறிய நாளிலிருந்து தொடங்க வேண்டும், பணத்தின் கடைசித் தவணையும் அன்றுதான் என்று எழுதி வாங்கியிருந்தோம். சப்ளையர் நீண்ட நாள் மறுத்த வரி அது.

அந்த வரிதான் எங்களைக் காப்பாற்றியது. அறை வெப்பநிலையில் லீக் டிடெக்டர் ஒன்றும் காட்டவில்லை. குளிர்வித்து கலவையை உள்ளே விட்டதும் வெற்றிட அறையில் ஹீலியம் தெரிய ஆரம்பித்தது. ஹீலியம்-4 மிகைப்பாய்மமாக, அதாவது உராய்வே இல்லாமல் ஓடும் திரவமாக, மாறிவிட்டால், சாதாரண வாயு நுழையாத விரிசலிலும் நுழைந்துவிடும். சூடாக்கி, திறந்து, தேடியதில் குழாய் இணைப்பு ஒன்றில் பிழை கிடைத்தது. பொறியாளர் இரண்டாம் முறை வந்தது முழுக்க அவர்கள் செலவில்.

அடுத்த குளிர்விப்பில் ஹீட்டரை 100 மில்லிகெல்வினில் நிறுத்தி ஒரு இரவு முழுக்க எழுதினோம். 412 மைக்ரோவாட். ஒப்பந்தத்தில் இருந்தது 400. விடிந்ததும் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளை நிதி அதிகாரியின் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன். வாசித்துவிட்டு, "அந்தப் பழைய தாங்கி உள்ள போச்சா?" என்று கேட்டார்.

அன்று மதியம் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தோம். எங்கள் பழைய மாணவி ஒருத்தி கம்பி ஒட்டியது, அவள் கையெழுத்தில் எண் இன்னும் அழியாமல் இருந்தது. அடிவழியாக மெல்ல ஏற்றினோம். எல்லாக் கம்பிகளும் தொடர்பு காட்டின.