கல்யாணியா யமனா: நின்ற ஸ்வரத்தைக் கணினியில் அளந்து பார்த்தது

ஒரு பாட்டுப் பதிவு கர்நாடகமா ஹிந்துஸ்தானியா என்று கணினியால் பிரிக்க முடியுமா என்று பார்த்தோம். கர்நாடகக் கல்யாணிக்கும் ஹிந்துஸ்தானி யமனுக்கும் அதே ஏழு ஸ்வரங்கள். ஹிந்தோளத்துக்கும் மால்கௌன்ஸுக்கும் அதே ஐந்து ஸ்வரங்கள். ஆகவே ஸ்வரப் பட்டியலை வைத்துக் கர்நாடகம், ஹிந்துஸ்தானி என்று பிரிக்க முடியாது. அளக்க வேண்டியது, பாடுபவர் ஒரு ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறார் என்பதை. ஹிந்துஸ்தானியில் நிற்பது அதிகம், கர்நாடகத்தில் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) அதிகம் என்பது எங்கள் எதிர்பார்ப்பு.

எடுத்துக்கொண்டது தாளம் சேராத பகுதி மட்டும்: இங்கே ஆலாபனை, அங்கே ஆலாப், தலா முதல் 2 நிமிடம்.

சுருதியை அளக்க முதலில் எடுத்தது லிப்ரோசா என்ற பைதான் நூலகத்தின் பி-யின் (pYIN). அது தனிக்குரலுக்கான முறை. குரல் மூச்சு வாங்கும் இடத்தில் தம்புராவைப் பிடித்துக்கொண்டு, அதையும் நின்ற ஸ்வரமாகக் கணக்கில் சேர்த்துவிட்டது. பல ஒலிகளுக்கு நடுவே முதன்மை மெட்டைப் பிரித்தெடுக்கும் மெலோடியா முறைக்கு (எசென்ஷியா என்ற நூலகத்தில் உள்ளது) மாறியதும் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. 44,100 ஹெர்ட்ஸ் ஒலியில் 128 சாம்பிளுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 2.9 மில்லிவினாடிக்கு ஒரு சுருதி மதிப்பு கிடைக்கும். குரல் இல்லாத இடத்தில் 0 வரும். சென்ட்டாக மாற்ற மடக்கை எடுக்கும் முன் அதை நீக்கிவிட வேண்டும். பிறகு எல்லாம் சென்ட் கணக்கு, ஸ்தாயிக்கு 1200.

400 மில்லிவினாடி ஜன்னலை நகர்த்தி, திட்டவிலக்கம் 20 சென்ட்டுக்குள் இருந்தால் 'நின்றது' என்று குறித்தோம். முதல் முடிவு அபத்தம்: கர்நாடகமும் ஹிந்துஸ்தானி போலவே நின்றது! காரணம், சுருதி வரைகோட்டின் பிசிறை நீக்கப் போட்ட 69 புள்ளி இடைநிலை வடிகட்டி (median filter). அது 200 மில்லிவினாடி. கமகம் வினாடிக்கு 5 முறை அசைந்தால் ஒரு சுற்றும் அதே 200தான். அசைவு முழுதும் மழுங்கிப்போனது. 17 புள்ளிக்கு (சுமார் 50 மில்லிவினாடி) குறைத்ததும் கமகம் திரும்பி வந்தது. வரைகோடு பார்க்க அழகாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

அடுத்த சிக்கல் சட்ஜம, பஞ்சமக் கார்வைகள், அதாவது ஸ, ப-வில் நீட்டி நிற்பது. கர்நாடகத்திலும் அவை அசையாமல்தான் நிற்கும். கணக்கிலிருந்து அவற்றை விலக்கினால்தான் வித்தியாசம் தெளிகிறது. விலக்குவதற்கு ஆதார சுருதி (பாடகரின் சட்ஜமம்) தெரிய வேண்டும். அதைத் தானாகக் கண்டுபிடிக்க விட்டால் பஞ்சமத்தையே சட்ஜமமாக எடுத்துக்கொள்வது உண்டு. தம்புராவைக் கேட்டுக் கையால் பதிவதே மேல். 5 கட்டை என்றால் 196 ஹெர்ட்ஸ்.

இன்னும் தீராதவை இரண்டு. பாடகர் நிறுத்தியதும் வயலின் வாசிப்பதை மெலோடியா குரலாகவே எடுத்துக்கொள்கிறது. ஹிந்துஸ்தானிக் கயாலில் 'தான்' எனப்படும் வேகமான ஸ்வர ஓட்டம் நுழைந்தால் அது கமகம் போலக் கணக்கில் விழுகிறது.