ஹட்டனில் ஒரு கணக்காய்வு அலுவலகம் செயற்கை நுண்ணறிவுக்கு வரம்பு வகுத்த கதை

இலங்கையின் மலையக நகரான ஹட்டனில் இயங்கும் எங்கள் கணக்காய்வு, வரி ஆலோசனை அலுவலகம் சிறியது. கொழுந்து வாங்கும் தேயிலைத் தொழிற்சாலைகள், பிரதான வீதிக் கடைகள், நுவரெலியா பக்கத்து விடுதிகள், சில கோயில் பரிபாலன சபைகள் ஆகியவையே எங்கள் வாடிக்கையாளர்கள். இத்தகைய அலுவலகம் ஒன்று செயற்கை நுண்ணறிவைப் பொறுப்புடன் எவ்வாறு ஏற்றுக்கொள்ளலாம் என்று தேடியபோது கிடைத்த வழிகாட்டிகள் பெரும்பாலும், தகவல் தொழில்நுட்பப் பிரிவும் சட்டப் பிரிவும் தனித்தனி மாடிகளில் இருக்கும் நிறுவனங்களை மனதிற்கொண்டு எழுதப்பட்டவை. எங்களிடம் மாடியே ஒன்றுதான். ஆகவே நாங்கள் செய்து பார்த்ததை, இதே நிலையில் உள்ள மலையகத்து அலுவலகங்களுக்குப் பயன்படலாம் என்று எண்ணி எழுதுகிறேன்.

தொடங்கும்போதே ஒன்று தெளிவாயிற்று. ஏற்பதா, மறுப்பதா என்று நாங்கள் கூடிப் பேசுவதற்கு முன்னரே சாட்ஜிபிடி அலுவலகத்துக்குள் வந்துவிட்டிருந்தது. பயிற்சி மாணவர்கள் தங்கள் கைத்தொலைபேசிகளில், இலவசக் கணக்குகளில் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மூத்த பங்காளர் முற்றாகத் தடை செய்துவிடலாம் என்றார். தடை செய்தால் அது மேசையிலிருந்து சட்டைப் பைக்குள் போகுமே தவிர நின்றுவிடாது என்பது என் வாதம். இறுதியில், யார் மீதும் நடவடிக்கை எடுக்கப்படாது என்ற உறுதியுடன், எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் எழுதித் தரச் சொன்னோம். ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துவதற்கும், எக்செல் சூத்திரங்கள் எழுதுவதற்கும், திணைக்களங்களிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதங்களின் பொருளை விளங்கிக்கொள்வதற்கும்தான் பெரும்பாலும் பயன்பட்டிருந்தது. கவலைப்பட வேண்டியது நோக்கத்தைப் பற்றியன்று, அந்தக் கடிதங்களோடு சேர்ந்து வெளியே போன விவரங்களைப் பற்றி என்பது அப்போதுதான் புரிந்தது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, வாடிக்கையாளரின் இரகசியம் காப்பது கணக்காளரின் ஒழுக்கநெறிக் கோவையில் முன்பே உள்ள கடமை. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைத்திருந்தார்கள். ஆனால் நமது தேசிய அடையாள அட்டை இலக்கமே பாதி ஆளைச் சொல்லிவிடும்: அதன் தொடக்கத்தில் பிறந்த ஆண்டும், அடுத்த மூன்று இலக்கங்களில் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன, பெண்களுக்கு அந்த நாளுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். பெயரை அழித்து இலக்கத்தை விட்டுவைத்த ஒரு பட்டியலைக் காட்டி, அதிலுள்ளவர்களின் பிறந்த நாளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டியபோது, பங்காளர் உட்பட எவரும் அதற்குமேல் வாதிடவில்லை. இலவசக் கணக்குகளில் இடப்படுவது, பயனர் விருப்பத் தேர்வை மாற்றாவிட்டால், செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றுவிக்கவும் எடுத்துக்கொள்ளப்படலாம். எனவே வணிக நிறுவனங்களுக்கான கட்டணக் கணக்கு ஒன்றை அலுவலகத்தின் பெயரில் எடுத்தோம். உள்ளிடுவது இயல்பாகப் பயிற்சிக்குப் பயன்படாது என்பது அதன் நிபந்தனைகளில் இருக்கிறது. அப்படியிருந்தும் பெயர், அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவை அதற்குள்ளும் போகக்கூடாது என்று வைத்தோம்.

அடுத்து, விடை எங்களுக்கு முன்பே தெரிந்த பழைய கோப்புகளை, அடையாளங்களை நீக்கிக் கொடுத்துச் சோதித்தோம். இதைவிடப் பயனுள்ள வேலை எதையும் இந்த முயற்சி முழுவதிலும் நாங்கள் செய்யவில்லை என்று சொல்லலாம். 2024 இறுதியில் ஓய்வு பெற்ற, 22 ஆண்டுகள் வேலை செய்த நாட்கூலித் தோட்டத் தொழிலாளி ஒருவரின் பணிக்கொடையைக் கணக்கிடுமாறு தமிழில் கேட்டோம். நாட்சம்பளத்தைக் கொடுக்காமல் விட்டது வேண்டுமென்றே. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, மாதச் சம்பளக்காரர் அல்லாதவருக்கு ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 14 நாள் சம்பளம். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. எனவே 4,15,800 ரூபா வரவேண்டும். கருவியோ 5,61,000 ரூபா என்று, படிப்படியான விளக்கத்துடன், சற்றும் தயங்காமல் எழுதியது. அது எடுத்த 15 நாள் இந்தியச் சட்டத்தில் உள்ளது. அது எடுத்த 1,700 ரூபா, 2024 மே மாதத்தில் பெரிதாகப் பேசப்பட்டு, பின்னர் வர்த்தமானியே மீளப்பெறப்பட்ட சம்பளம். அறிவிப்பு வந்தபோது எழுதப்பட்ட அளவுக்கு அது மீளப்பெறப்பட்டபோது எழுதப்படவில்லை என்பதும், தமிழில் கேட்டால் தமிழ்நாட்டுச் செய்திகளே அதற்கு முதலில் நினைவுக்கு வருகின்றன என்பதும் என் ஊகம். பெருக்கலில் பிழை இல்லை. இரண்டு அடிப்படைகளும் பிழை. பெருக்கலைச் சரிபார்த்துப் பழகிய ஒரு பயிற்சி மாணவர் இதை ‘சரி’ என்று குறியிட்டு அனுப்பிவிடக்கூடும் என்பதுதான் என்னை உறுத்தியது.

தோட்டத் தொழிலாளரின் வரவையும் சம்பளத்தையும் பதியும் பழைய செக்ரோல் பட்டியல்களிலும் இதுபோன்ற ஒன்றைக் கண்டோம். ஒரே தோட்டத்தில் ஒரே பெயருள்ள பெண்கள் பலர் இருப்பதும், ஒருவரின் பெயரே பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் சேமலாப நிதிப் பதிவில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருப்பதும் மலையகத்தில் வேலை செய்பவர்களுக்குப் புதிதல்ல. சோதனைக்காக நாங்கள் இட்டுக்கட்டிய பெயர்ப்பட்டியலை ஒழுங்குபடுத்தித் தரச் சொன்னபோது, கருவி கேட்காமலே எழுத்துக்களை ‘திருத்தி’, இரண்டு பேரின் சேவைக்காலத்தை ஒருவருக்குச் சேர்த்துவிட்டது. இந்த வேலை இன்றுவரை அனுமதிக்கப்படவில்லை.

இந்தச் சோதனைகளிலிருந்து எங்கள் கொள்கை ஒரே ஒரு கேள்வியாகச் சுருங்கியது: சரிபார்க்க ஆகும் நேரம், நாமே செய்ய ஆகும் நேரத்தைவிடக் குறைவா? சூத்திரமும் கடித வரைவும் அதில் தேறின. சட்டப் பிரிவையோ வரி வீதத்தையோ கேட்பது தேறவில்லை. மூலச் சட்டத்தை எப்படியும் திறந்து பார்க்கத்தான் வேண்டும் என்றால் அதிலிருந்தே தொடங்கலாம். சிங்களக் கடிதங்களை, அடையாளங்களை மறைத்துத் தட்டச்சு செய்தபின், கருவியில் வாசிக்கலாம். ஆனால் தொகையையும் திகதியையும் சிங்களம் அறிந்த எங்கள் சக ஊழியர் மூலக் கடிதத்தில் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் மதிப்பீட்டை மீளாய்வு செய்யக் கேட்பதற்கு 30 நாட்கள்தான் உண்டு. அங்கே ஒரு திகதி தவறினால் இழப்பு கடைக்காரருக்கு. 2025இல் ஆஸ்திரேலிய அரசுக்குப் பன்னாட்டுக் கணக்காய்வு நிறுவனமான டெலாய்ட் செயற்கை நுண்ணறிவின் உதவியுடன் தயாரித்துக் கொடுத்த அறிக்கையில் இல்லாத மேற்கோள்கள் இருந்ததால் கட்டணத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்த செய்தி வந்தபோது, இந்தக் கையொப்ப முறை தேவையற்ற சுமை என்று முணுமுணுத்தவர்களும் அடங்கிவிட்டார்கள்.

வாடிக்கையாளர்களுடன் செய்துகொள்ளும் உடன்படிக்கைக் கடிதத்திலும் ஒரு பந்தி சேர்த்தோம்: எந்த வேலைகளுக்குக் கருவி பயன்படலாம், எந்த விவரங்கள் அதற்குள் போகா, வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பன அதில் இருக்கின்றன. பெரும்பாலானோர் வாசிக்காமலே கையெழுத்திட்டார்கள். தேயிலைத் தொழிற்சாலை முதலாளி ஒருவர் மட்டும் இரண்டு தடவை வாசித்துவிட்டு, “அப்ப பீஸ் குறையுமா தங்கச்சி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வரைவு எழுதும் நேரம் குறைந்திருக்கிறது, சரிபார்க்கும் நேரம் கூடியிருக்கிறது, இந்த ஆண்டு கட்டணத்தைக் கூட்டமாட்டோம் என்றேன். “கூட்டாம இருந்தா சரிதான்” என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

பயிற்சி மாணவர்கள் விடயத்தில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. முதலாம் ஆண்டில் உள்ளவர்கள் முதலில் தாங்களே எழுதிவிட்டுப் பின்னரே கருவியின் வரைவோடு ஒப்பிட வேண்டும் என்பது விதி. நெருக்கடியான நாட்களில் அது மீறப்படுவதை நான் அறிவேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மண்சரிவுகளால் மின்சாரமும் இணையமும் இல்லாதிருந்த நாட்களில், எவர் தனியாக ஒரு கடிதம் எழுதுவார், எவருக்கு முடியவில்லை என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு விதியைச் சற்று இறுக்கினோம்.

இப்போது எங்கள்முன் உள்ள கோரிக்கை, வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவுகளைக் கருவி கொண்டு எழுத்தாக்கலாமா என்பது. குரலிலிருந்து பெயரை மறைக்க வழியில்லை; தோட்டப்புறப் பேச்சுத் தமிழை அது எவ்வளவு பிடிக்கும் என்பதையும் நாங்கள் இன்னும் சோதிக்கவில்லை. அடுத்த காலாண்டு மீளாய்வுக்கு அதை ஒத்திவைத்திருக்கிறோம். அதுவரை பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது பழையபடி எங்கள் வேலையாகவே இருக்கும்.