மேலுதட்டுக் கொப்புளம் ஒன்று சேர்த்துவைத்த மூன்று பாடங்கள்

ரத்தம், நோயெதிர்ப்பு மண்டலம், தலைப்பகுதி உடற்கூறியல் மூன்றும் மருத்துவப் படிப்பின் ஒரே தேர்வில் வந்தன. மூன்றுக்கும் தனித்தனி நோட்டுப் போட்டு, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவேன். மூன்றாவதை முடிக்கும்போது முதலாவது பாதி மறந்திருக்கும்.

ஒரு கேஸ் கேள்விதான் என் படிப்பு முறையை மாற்றியது. மேலுதட்டில் வந்த கொப்புளத்தை ஒருவர் கிள்ளிவிடுகிறார். சில நாளில் காய்ச்சல், தலைவலி, கண் வீக்கம். கண்ணை வெளிப்பக்கமாகத் திருப்ப முடியவில்லை. ஏன்?

முகச் சிரையிலிருந்து மேல் கண்சிரை வழியாக மண்டைக்குள் இருக்கும் சிரை ரத்தக் குழியான கேவர்னஸ் சைனஸுக்குப் பாதை இருக்கிறது. அதில் ரத்தம் பின்னோக்கியும் ஓடலாம். மூன்றாம், நான்காம் மூளை நரம்புகளும் ஐந்தாம் நரம்பின் முதல் இரு கிளைகளும் அந்த சைனஸின் பக்கச்சுவரில் போகின்றன. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பு மட்டும் உள் கரோட்டிட் தமனியை ஒட்டி, சைனஸின் நடுவிலேயே போகிறது. அதனால்தான் பெரும்பாலும் அது முதலில் பாதிக்கப்படுகிறது, கண் வெளிப்பக்கம் திரும்ப மறுக்கிறது. இங்கே ரத்தப் பாடமும் வந்துவிடுகிறது: ரத்தக்குழாய்ச் சுவர் காயப்பட்டு, ஓட்டம் மந்தமாகி, ரத்தம் உறையும் தன்மை கூடி, உறைவு உண்டாகிறது. இந்த மூன்று காரணங்களும்தான் விர்ச்சோவின் முக்கோணம். கொப்புளத்தின் சீழோ, ரத்தக்குழாய்ச் சுவரில் உருண்டு, ஒட்டி, நுழைந்து வெளியே வந்து கிருமியோடு போராடிச் செத்த நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள். ஒரே ஆளின் முகத்தில் மூன்று பாடமும் கிடைத்தபின் எனக்கு எதுவும் மறக்கவில்லை.

மண்டையோட்டைக் கையில் எடுக்காமல் தலைப்பகுதியைப் படிக்கவே கூடாது. துளைகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பேன். ஆனால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எலும்பைக் கொடுத்து ‘ஃபொராமென் ஓவேல் எங்கே?’ என்றதும் விரல் தடுமாறியது. அன்றிரவே மெல்லிய ஸ்ட்ரா ஒன்றை உள்பக்கத்திலிருந்து ஒவ்வொரு துளையாக விட்டு, வெளியே எங்கே தலைகாட்டுகிறது என்று பார்த்தேன். ரொட்டண்டம் வழியே விட்டது கண்குழிக்குப் பின்னால், மேல்தாடைப் பக்கம் வந்தது. அங்கே மேல்தாடைக்கான மேக்ஸில்லரி நரம்பு. ஓவேலில் விட்டது நேரே கீழே இறங்கியது, அது கீழ்த்தாடைக்கான மாண்டிபுலர் நரம்பின் வழி. பக்கத்துச் சின்னத் துளையான ஸ்பைனோசம், மூளை உறைக்கு ரத்தம் தரும் நடு மெனிஞ்சியல் தமனி உள்ளே நுழையும் வழி. பிறகு அந்தத் தமனியின் பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டே, நெற்றிப்பொட்டில் எலும்புகள் சேரும் இடமான டெரியான் வரை போங்கள். நெற்றிப்பொட்டில் அடிபட்டால் ஏன் பயப்படுகிறோம் என்று எலும்பின் மெல்லிசே சொல்லும்.

ரத்தம் உறைதலை வரிசையாக மனப்பாடம் செய்வதைவிட, ஓரிடத்தை உடைத்துப் பாருங்கள். வெள்ளைத் தாளில் ரத்தத்தை உறையவைக்கும் காரணிகளின் எண்களை, ஒரு பக்கம் 7, மறுபக்கம் 12, 11, 9, 8, இரண்டும் சேருமிடத்தில் 10, 5, 2, 1 என்று எழுதுங்கள். 8-ஐ அடித்துவிட்டால் ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ நோய்: ஏபிடிடி (12-இன் பக்கத்து வழியில் உறைய ஆகும் நேரம்) நீளும், பிடி (7-இன் பக்கத்து வழியில் ஆகும் நேரம்) இயல்பாக இருக்கும். 7-ஐ அடித்தால் தலைகீழ். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைக் கொடுத்ததும் பிடி முதலில் நீளுவது ஏன்? வைட்டமின் கே தேவைப்படும் 2, 7, 9, 10-இல் 7-தான் சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

நோயெதிர்ப்பில் எல்லோரும் குழம்புமிடம் இரண்டாம், மூன்றாம் வகை மிகையுணர்வு, அதாவது நோயெதிர்ப்பே உடலைக் காயப்படுத்தும் நிலை. நோயெதிர்ப்பைத் தூண்டும் ஆன்டிஜென் செல் அல்லது திசுவின்மேலேயே இருந்து, அதை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடி அங்கே போய் ஒட்டினால் இரண்டாவது. இரண்டும் ரத்தத்தில் கூட்டுச் சேர்ந்து, பிறகு எங்கோ போய்ப் படிந்தால் மூன்றாவது. ஆன்டிஜென் துண்டை டி செல்களுக்குக் காட்டும் மூலக்கூறுதான் எம்எச்சி: வகை ஒன்று சிடி8 டி செல்லுக்கு, வகை இரண்டு சிடி4 டி செல்லுக்கு. பெருக்கினால் (1×8, 2×4) இரண்டும் எட்டுதான். மற்றவற்றைப் பாடநூல் அட்டவணையே பார்த்துக்கொள்ளும்.

தேர்வுக்கு முந்தின நாள் புதிதாக எதையும் திறக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு கேவர்னஸ் சைனஸின் குறுக்குவெட்டு ஒன்று, உறைதல் படம் ஒன்று வரையுங்கள். எந்த இடத்தில் பென்சில் நிற்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் திறந்தால் போதும்.