பழனிக்கா, சும்மாவா?

செட்டிநாட்டில் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கண்மாய்க் கரையில் காற்று வாங்க நடப்பவரைக் கேட்காமல் விடுபவரும் இல்லை. ஸ்காட்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் அத்தை மகனுடன் கானாடுகாத்தானைத் தாண்டிய செம்மண் வண்டிப்பாதையில் இறங்கியபோது இது நன்றாகவே விளங்கியது.

வீட்டு வளாகம், பயிர் நிற்கும் வயல் போன்றவை நீங்கலாக ஏறத்தாழ எல்லா நிலத்திலும் பொறுப்போடு நடக்கும் உரிமையை அங்கே 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது என்று அவன் பெருமையோடு சொல்லிக்கொண்டு வந்தான். நம்முடைய 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் தடையின்றி வெளிப்படையாகப் புழங்கிய வழிக்கு உரிமை கோரலாம் என்றாலும், அது தன் வயலுக்கோ வீட்டுக்கோ போகிறவருக்கானதே தவிர, தொந்தி குறைக்கப் போகிறவருக்கானது அன்று என நான் சொல்லி முடிப்பதற்குள், பாதையின் குறுக்கே சீமைக்கருவேல முள் வெட்டிப் போட்டிருந்த இடம் வந்துவிட்டது. ஆடுகள் மட்டும் எந்தச் சட்டமும் பார்க்காமல் ஓரமாக நுழைந்து போய்க்கொண்டிருந்தன.

ஆடு மேய்த்த அப்பத்தாவிடம், இவ்வழியே நடக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று அவன் பணிவாகக் கேட்டான்.

"நடக்குறதுக்கு யாரய்யா கேக்கணும்? காலு ஒங்களுதுதானே?" என்றவர், அதே வாயால், "எடம் பாக்க வந்தீகளா?" என்றார்.

நிலத் தரகர்களா, சர்வேயர்களா, பைபாஸ் சாலைக்கு அளக்க வந்தவர்களா என்று வரிசையாகக் கேட்ட அவர், சும்மா நடக்கிறோம் என்ற பதிலை மட்டும் ஏற்கவேயில்லை. (நியாயந்தான்; பொட்டலில் பிளாட் கல் முளைப்பதற்கு முன்னால் யாராவது இப்படித்தான் 'சும்மா' வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.) இதற்குள் டி.வி.எஸ். வண்டியில் வந்த ஒருவர், இருவரையும் ரோட்டில் இறக்கிவிட்டே தீருவேன் என்று நின்றார். மறுத்ததும் அவர் முகம் வாடிப்போயிற்று.

பொறுமையிழந்த அத்தை மகன், "பழனிக்கு நடக்கப் பழகுறோம்" என்று சொல்லிவிட்டான். அப்பத்தா தொரட்டியால் முள்ளை இழுத்து ஒதுக்கினார். வண்டிக்காரர் இறங்கிக் கும்பிட்டார். முந்தியில் முடிந்திருந்த 20 ரூபாயை எடுத்து, முருகன் உண்டியலில் சேர்க்கச் சொல்லி அப்பத்தா அவன் கையில் திணித்தும்விட்டார்.

ஊர் திரும்ப வேண்டியவன் இப்போது பழனிக்குப் பேருந்து நேரம் விசாரித்துக்கொண்டிருக்கிறான். நடக்கிறேன் என்று சொல்லி வாங்கிய காசை பஸ்ஸில் கொண்டுபோகக் கூடாது என்று என் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.