பயிற்சிக்குப் போகும் தம்பிகளும் ஆணையும்: அருவங்காட்டு நாட்குறிப்பு

நவம்பர் 2, ஞாயிறு

வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தில் சேர அழைப்பு வந்திருக்கும் பையன்கள் இன்று காலை எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வந்திருந்தார்கள். கேத்தியிலிருந்து இரண்டு பேர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைக் குடியிருப்பிலிருந்து ஒருவன், மற்றவர்கள் குன்னூர்க்காரர்கள். ஓட்டத்திலும் எழுத்துத் தேர்விலும் தேறிவிட்ட இவர்களுக்கு, சுபேதாராக ஓய்வுபெற்ற நான் சொல்லித்தர மிச்சமிருப்பது ஒன்றுதான்: யார் சொன்னால் கேட்க வேண்டும், எதுவரை கேட்க வேண்டும், கேட்க முடியாத நிலை வந்தால் அதை யாரிடம் சொல்ல வேண்டும்.

பதவிகளை வரிசையாக ஒப்பிக்கச் சொன்னேன். சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் வரை தடுமாறாமல் சொன்னவர்கள் சுபேதாரில் குழம்பினார்கள். அதிகாரி வரிசையில் வரும் லெப்டினன்டின் தோளில் இரண்டு நட்சத்திரம், சுபேதாரின் தோளிலும் இரண்டு நட்சத்திரம். சுபேதாருக்கு மட்டும் கூடவே ஒரு வண்ண நாடா இருக்கும். என் பழைய தோள்பட்டையைக் கையில் கொடுத்தபோது ஒவ்வொருவனும் அந்த நாடாவை விரலால் தடவிப் பார்த்தான். இருபத்து நான்கு வயது லெப்டினன்டுக்குத் தலைமுடி நரைத்த சுபேதார் சல்யூட் அடிப்பார். அதே லெப்டினன்ட் அவரைச் 'சாப்' (ஐயா) என்று மரியாதையோடுதான் அழைப்பார். அதிகாரம் ஒரு பக்கமும் அனுபவத்துக்குரிய மதிப்பு இன்னொரு பக்கமுமாக நடக்கும் இந்த ஏற்பாடு புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது என்பது என் எண்ணம். நான்காண்டுப் பணிக்கு ஆளெடுக்க 2022இல் வந்த அக்னிவீர் திட்டத்தில் சேருபவர்களுக்குத் தனிப் பதவிநிலை உண்டு. அது மேலே சொன்ன எந்தப் படியிலும் சேராதது. பையன்களுக்கு அதில் சற்று வருத்தம்தான்.

நவம்பர் 5, புதன்

மழை விடவில்லை. பேக்கரியில் ஒரு பையனின் தாயார் என்னை நிறுத்தி, "அண்ணா, அங்க பிள்ளைங்கள அடிப்பாங்களாமே, நெசமா?" என்று கேட்டார்.

பூசி மெழுகாமல் பதில் சொன்னேன். பயிற்சி தரும் உஸ்தாத் கத்துவார். தாமதமாக வந்தால் ஃப்ரன்ட் ரோல் (குட்டிக்கரணம்) போடச் சொல்வார், மூட்டையைச் சுமந்துகொண்டு ஓடச் சொல்வார். பையன்கள் 'ரக்டா' என்று சொல்லும் இந்த வழக்கம் பயிற்சி மைதானத்தோடு கூடப் பிறந்தது, நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் கையை ஓங்குவது வேறு. தனக்குக் கீழே உள்ளவரை அடிப்பதும் கொடுமைப்படுத்துவதும் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 47ஆவது பிரிவின்படி குற்றம். அதற்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அந்தப் பிரிவு நாயக்கையும் விடாது, அதிகாரியையும் விடாது. அந்த அம்மாள் முழுக்கச் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை. தாய் மனம் சட்டப் பிரிவில் ஆறுமா?

நவம்பர் 9, ஞாயிறு

இன்று சட்டத்தின் 41ஆவது பிரிவை எடுத்துக்கொண்டேன். மேலதிகாரி தம் பணியின் நிமித்தம் நேரில் இட்ட, சட்டத்துக்கு உட்பட்ட கட்டளையை, அவருடைய அதிகாரத்தையே எதிர்ப்பது தெரியும்படி மீறினால் பதினான்கு ஆண்டு வரை தண்டனை. அந்த எதிர்ப்பு இல்லாத வெறும் மீறலுக்குப் போர்ப்பணியில் இல்லாத காலத்தில் உச்சம் ஐந்தாண்டு. எண்களைக் கேட்டதும் பையன்கள் முகம் சுண்டிவிட்டது. மறந்துபோவதும் காதில் சரியாக விழாமல் போவதும் ஒன்று, 'முடியாது' என்று எதிரே நின்று சொல்வது மற்றொன்று என்பதைச் சட்டமே பிரித்து வைத்திருப்பதைக் காட்டிய பிறகுதான் மூச்சு விட்டார்கள். காதில் விழாவிட்டால் திரும்பக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. விழுந்துவிட்டால் ஆணையை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு ஓட வேண்டும். பாதி தவறுகள் அந்தத் திருப்பிச் சொல்லலிலேயே பிடிபட்டுவிடும்.

கேத்திப் பையன் நல்ல கேள்வி கேட்டான்: "சார், நாயக் ஒரு வேலை கொடுத்திருக்கார், நடுவுல சுபேதார் வந்து வேற வேலை சொன்னா யார் பேச்சைக் கேக்கறது?" அதை நடித்தே காட்டினோம். கோத்தகிரிப் பையன் நாயக், நான் சுபேதார். "சாப், நாயக் என்னை இந்தப் பெட்டிகளை எண்ணச் சொல்லியிருக்கிறார்" என்று முந்தைய ஆணையை முதலில் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்ட பிறகும் சுபேதார் வரச் சொன்னால் வந்துவிட வேண்டும். பொறுப்பு இப்போது அவருடையது. வேலை முடிந்ததும் நாயக்கிடம் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெரியவர் சொன்னாரே என்று வாயை மூடிக்கொண்டு போய்விடுவதுதான் இங்கே பிழை. காவல் பணியில் நிற்பவனுக்கு மட்டும் இந்தக் கணக்குச் செல்லாது. முறைப்படி அடுத்தவன் வந்து மாற்றிவிடும்வரை அவன் இடத்தை விட்டு நகரக் கூடாது.

'சட்டத்துக்கு உட்பட்ட' என்ற சொல்லுக்கு வருவதற்குள் மணி பன்னிரண்டாகிவிட்டது. படைப்பணியோடு தொடர்புள்ளதாகவும் நாட்டின் சட்டத்துக்கு முரண்படாததாகவும் இருப்பதே அத்தகைய ஆணை. கலவரக் கும்பலின் மேல் சட்டம் கட்டளையிடும் முறைக்கு இணங்க மேலதிகாரி ஆணையிட, அதன்படி சுட்ட படைவீரன் குற்றவாளி அல்லன் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 76ஆவது பிரிவு எடுத்துக்காட்டோடு சொன்னது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 14ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. மேலதிகாரி சொன்னார் என்பது மட்டும் போதாது, அந்த ஆணை சட்டத்துக்கு இணங்கியதாகவும் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஆனால் ஒன்று: பிடிக்காத ஆணை, சிரமமான ஆணை, அர்த்தமில்லாததாகப் படும் ஆணை எல்லாம் சட்டவிரோத ஆணை ஆகிவிடாது. விடியற்காலைக் குளிரில் புல்வெட்டச் சொன்னால் வெட்டத்தான் வேண்டும்.

நவம்பர் 12, புதன்

மோசமான ஆணை என்றால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேலூர் நினைவுக்கு வந்தது. மதராஸ் படையின் தலைமைத் தளபதி ஜான் கிராடக் காலத்தில் சிப்பாய்கள் நெற்றிக்குறி இடக் கூடாது, தாடி வைக்கக் கூடாது, புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று ஆணை போனது. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. அந்த முறையீட்டைக் கேட்கவேண்டிய காதுகள் கேட்கவில்லை. 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. பின்னர் ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. கிராடக்கும் ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்கள். கலகத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ராணுவத்தில் இத்தனை ஆண்டு இருந்தவனால் அது முடியாது. ஆனால் ஆணை கீழிறங்கும் படியிலேயே முறையீடு மேலேறவும் வழி வேண்டும் என்பதற்கு இதைவிட நம் மண்ணுக்கு நெருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

கடைசி வகுப்பு. முறையீட்டு வழியைச் சொன்னேன். ராணுவச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி, அநீதி நேர்ந்ததாகக் கருதும் படைவீரன் தன் கம்பெனி கமாண்டரிடம் முறையிடலாம். குறையே அவர்மேல் என்றால் அவருக்கு மேலுள்ளவரிடம் போகலாம். நடைமுறையில் செக்ஷன் ஹவில்தாரிடம் தொடங்கி 'இன்டர்வியூ', அதாவது அதிகாரியை நேரில் பார்க்க அனுமதி, கேட்டுப் போக வேண்டும். இது தவிர படைவீரர்கள் எல்லோரும் சேரும் 'சைனிக் சம்மேளன்' கூடும்போது கமாண்டிங் ஆபீசர் முன்னால் எழுந்து நின்று பேசலாம். உன்மேல் குற்றம் சாட்டி, அதிகாரி விசாரிக்கும் ஆர்டர்லி ரூமுக்கு அழைத்துப் போனால், தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு நிறுத்துவார்கள். அதைக் கண்டு நடுங்கிவிடாதே, உனக்கு எதிரான சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளிலேயே உண்டு என்றேன்.

"ஃபோன்ல வீடியோ எடுத்துப் போட்டுட்டா வேகமா வேலை நடக்குமே" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள், அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. படைவீரரின் அடிப்படை உரிமைகளைக் குறைத்து வரையறுக்க அரசியல் சாசனத்தின் 33ஆவது உறுப்பு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பத்திரிகையோடு தொடர்பு கொள்வதற்கும் அரசியல் சங்கங்களில் சேர்வதற்கும் உள்ள கட்டுப்பாடுகள் அங்கிருந்துதான் வருகின்றன. வீடியோவால் வேலை நடக்கலாம், ஆனால் நியாயம் உன் பக்கம் இருந்த வழக்கில் நீயே குற்றவாளியாகி நிற்பாய் என்று சொன்னேன். முறையான வழி மெதுவானது என்பதை நான் மறுக்கவில்லை. மேலே போன சில மனுக்களுக்குப் பதில் வர மாதங்கள் ஆனதைக் கண்டிருக்கிறேன். அப்போதும் மனுவின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேதியைக் குறித்துக்கொண்டு, அடுத்த படிக்கு ஏறுவதே வழி.

உறுதிமொழியின் வாசகத்தை ஒருமுறை படித்துக் காட்டினேன். அரசியல் சாசனத்துக்கு விசுவாசம் முதலில் வருகிறது. நிலத்திலோ கடலிலோ வானிலோ எங்கு அனுப்பினாலும் செல்வேன் என்பது அடுத்து. உயிருக்கே ஆபத்தானாலும் மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிவேன் என்பது அதற்குப் பிறகு. அந்த வரிசையைக் கோத்தகிரிப் பையன் தானாகவே கவனித்து, சாசனம் ஏன் முன்னால் வருகிறது என்று கேட்டான். பதிலை மற்றவர்களையே சொல்லச் சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனேன். நான் திரும்பி வந்தபோதும் வாக்குவாதம் ஓயவில்லை.